உப்புப் பார்க்கிறவள்

செண்பகவல்லி இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. இன்னமும் ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் தடவை உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்தது அவள் நாக்கு. கோவில்பட்டிக்குத் தெற்கே, நாற்கரச் சாலையை ஒட்டி, தேசியத் தாவர உணவுக் கழகத்தின் மூன்றாம் ஆலை இருக்கிறது. அதன் நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்த குளிர் அறை. அறைக்குள் ஒரு பீரோ அளவில் கருவி. அதன் தட்டில் ஒரு சொட்டு விட்டால், உயிரோடு இருந்து ருசி பார்த்திருந்தால் செண்பகவல்லி என்ன சொல்லியிருப்பாளோ அதை அது சொல்லும். உப்பு குறைவு. புளிப்பு போதும். கசப்பு கடைசியில் தட்டுகிறது. அது சொன்னபடி குழாய்கள் திறக்கும், மூடும். ஆலையில் அதற்கு 'நாக்கு ஏழு' என்று பெயர்.

அவள் கணவன் பொன்னரசு அதே ஆலையில் தர அலுவலர். வயது முப்பத்தொன்று. தினமும் அந்தக் கண்ணாடிச் சுவரைத் தாண்டித்தான் தன் மேசைக்குப் போவான். நின்று பார்த்ததில்லை. பார்க்காமல் போனதும் இல்லை.

பாசிப்பயறில் இருந்து புரதத்தைப் பிரித்து, கடலை எண்ணெயும் மண்டபம் கடற்கரையின் கடற்பாசியும் சேர்த்து, மீன் துண்டு போல இழை இழையாக நெய்வார்கள். பயறுமீன் என்றால் இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கழகம் வந்த பிறகு விளாத்திகுளம், எட்டையபுரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் பயறு விதைக்காத கரிசல் இல்லை. ஆலை லாரி களத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டது. ஊரைவிட்டு பட்டறைக்கும் பின்னலாடைக்கும் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து ஆலையில் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடங்களில் வாரத்துக்கு ஐந்து நாள் பயறுமீன். பிள்ளைகளின் எடை ஏறியது, ரத்தம் ஊறியது. கடலில் இழுவைமடி வலைகள் குறைந்து, மீன்கூடக் கரைக்குத் திரும்பியதாகச் சொன்னார்கள். இவ்வளவும் உண்மை. பொன்னரசு இதையெல்லாம் நம்பித்தான் வேலைக்குச் சேர்ந்தான். இன்றும் நம்பினான். நம்பிக்கைக்கும் அவன் மனதுக்கும் நடுவே ஏதோ ஒன்று அறுந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

நாடு முழுக்க ஒரே ருசி வேண்டும் என்றபோது கழகம் பதினோரு பேருடைய நாக்கைப் பதிவு செய்தது. நாக்கின் மேல் மெல்லிய படலம், தலையில் கம்பித் தொப்பி. வாராவாரம் ஒரு அமர்வு. அன்று பூண்டு கூடாது, காபி கூடாது, தலையில் பூகூட வைக்கக் கூடாது. பதிவுகளைப் பத்தொன்பது மாநிலங்களில் சோதித்தபோது செண்பகவல்லியுடையது முந்தியது. அவள் போதும் என்று சொன்ன இடத்தில் எல்லா ஊர்க்காரர்களும் போதும் என்றார்கள். புதன்கிழமைதோறும் பூ வைக்காமல் போன ஒரு பெண்ணின் நாக்கு இப்படித்தான் தேசத்தின் நாக்கானது.

நவம்பர் இரண்டாவது வாரம் ஒரு புகார் வந்தது. விளாத்திகுளத்துக்கு அந்தப்புறம் ஒரு நடுநிலைப் பள்ளி. பயறுமீன் கரிக்கிறது என்று சத்துணவு அமைப்பாளர் எழுதியிருந்தார். பொன்னரசு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். சாலையின் இரண்டு பக்கமும் பயிர் முழங்கால் உயரம். மழை நின்று வெயில் அடித்தது.

அமைப்பாளர் தனுஷ்கோடி ஐம்பது வயதுக்காரர், பேச்சு நிற்காதவர்.

"குத்தம் சொல்லணும்னு எழுதல சார். உங்க ஆலை நல்லா இருக்கணும். எங்க காட்டுப் பயறும் அங்கதான் வருது. ஆனா ஒரு விசயம் பாருங்க. சோறு தின்ன பிள்ளைக நேரா பைப்புக்குப் போவுதுக. மத்தியானம் மொதப் பீரியடு ஆரம்பிச்சா பாதி வகுப்பு ஒண்ணுக்குப் போக வரிசையில நிக்கு. கணக்கு வாத்தியார் என்னையத் தேடி அடிக்க வாராரு."

"எப்ப இருந்து?"

"பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்தே. நாங்களும் கழுவிப் பாத்தோம், உருளைக்கெழங்கப் போட்டுப் பாத்தோம். கொழம்புல உப்பே போடாமப் பாத்தோம். துண்டுக்குள்ள இருக்க உப்ப என்ன செய்ய?"

"போன வருசம் வந்தது?"

"அது தங்கம் சார். தட்ட வழிச்சு நக்குவானுக." தனுஷ்கோடி குரலைத் தாழ்த்தினார். "ஆள மாத்திட்டீகளோ? உப்புப் பாக்குதவக யாரும் புதுசா?"

"இல்ல. அதே ஆள்தான்."

"அப்ப அவுகளுக்கு என்னமோ ஆகிப்போச்சு. என்னன்னு பாருங்க."

பொன்னரசு ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தான். பதினான்கு மாதங்களில் முதல் தடவை. அவள் போன பிறகு அவன் மெஸ்ஸில் தயிர்ச்சோறுதான் சாப்பிட்டான். ஆலையில் அறிக்கைகளை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். அறிக்கைகளில் உப்பு அளவு சட்ட வரம்புக்குள் இருந்தது. வரம்பின் கீழ் ஓரத்தில் இருந்து மேல் ஓரத்துக்குப் போயிருந்ததை அவன் கவனிக்கவில்லை. பச்சை நிறத்தில் இருக்கும் எண்ணை யாரும் படிப்பதில்லை.

துண்டை மென்றான். பல்லிடுக்கில் முதலில் இழை பிரிந்தது. அப்புறம் அந்த உப்பு வந்தது.

அந்த உப்பை அவனுக்குத் தெரியும்.

"தண்ணி வேணுமா சார்?" என்றார் தனுஷ்கோடி.

"வேண்டாம்," என்றான். விழுங்கினான்.

மறுநாள் காலை ஆவுடையம்மாளைத் தேடிப் போனான். நாக்கு ஏழு சொல்வதை நாளுக்கு மூன்று தடவை மனித நாக்காலும் சரிபார்க்க வேண்டும் என்று விதி. அதற்கு ஆறு பெண்கள். ஆவுடையம்மாள் அவர்களில் மூத்தவள். புது நாக்கு ஒன்றுக்கான அமர்வுகளிலும் வாராவாரம் உட்கார்ந்து வந்தாள். செண்பகவல்லிக்கு வேலை சொல்லிக்கொடுத்ததும் அவளோடு தினமும் மல்லுக்கு நின்றதும் அவள்தான்.

"அக்கா, மே மாசத்துல இருந்து உப்பு கூடியிருக்கு. நீங்க பாக்கலியா?"

ஆவுடையம்மாள் கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"பாத்தேன்."

"தாள்ல 'சரி'ன்னு எழுதியிருக்கீங்க."

"பின்ன என்னத்த எழுதச் சொல்லுத? 'ஏட்டி செண்பகம், ஒன் உப்பு கரிக்கு'ன்னா? உயிரோட இருக்கையில மூஞ்சிக்கு நேராச் சொன்னவதான் நான். கடைசியில கொஞ்ச நாளு ஒரே சண்டைதான். எனக்குக் கரிக்கும்பேன், அவ போதலம்பா. 'ஒனக்கு வயசாயிட்டுக்கா, நாக்கு மரத்துப்போச்சு'ன்னு சிரிப்பா." அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். "செத்தவள எப்படிய்யா குத்தம் சொல்ல? வாய் வரல."

"மத்த அஞ்சு பேரும்?"

"அவளுகளுக்கும் வரல. டீ குடிக்கையில பேசிக்கிடுவோம். கரிக்குல்லா, ஆமா கரிக்குன்னு. பேனாவ எடுத்தா 'சரி'. அவ இன்னும் ரெண்டு நாளு ருசி பாக்கட்டும்னு விட்டுட்டோம்."

"ஆறு மாசம் ஆயிருச்சு அக்கா. பிள்ளைங்க திங்குதுங்க."

ஆவுடையம்மாள் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தாள். "ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சோம்," என்றாள். "தெரிஞ்சுதான் சும்மா இருக்கன்னு."

பொன்னரசு தன் மேசைக்கு வந்து மே மாதத்துக் கோப்பைத் திறந்தான். என்ன இருக்கும் என்று தெரிந்தே திறந்தான்.

செண்பகவல்லி மொத்தம் தொண்ணூற்றாறு அமர்வுகள் உட்கார்ந்தாள். அவள் இருக்கும்போதே முதல் அறுபத்தாறைக் கருவியில் ஏற்றிவிட்டார்கள். கடைசி முப்பதும் சரிபார்க்கப்படாமல் கிடந்தது. மே மாதம் நாக்கைப் புதுப்பிக்கிறோம், மீதியையும் சேர்க்க வாரிசு ஒப்புதல் வேண்டும் என்றார்கள். சரிபார்க்க வேண்டிய தர அலுவலரும் அவன், ஒப்புதல் தர வேண்டிய வாரிசும் அவன். படித்துப் பார்க்காமல் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டான். அன்று அவன் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. பாதி ஆளாக இருப்பவள் முழு ஆளாகட்டும்.

பிந்தைய அமர்வுகளுக்குத்தான் கருவி அதிக மதிப்புக் கொடுக்கும். ஆள் பழகப் பழக நாக்கு தேறும் என்பது கணக்கு.

அறுபத்தேழாவது அமர்வில் இருந்து கோடு சாய்ந்திருந்தது. புளிப்பு அதே இடத்தில். காரம் அதே இடத்தில். உப்பு மட்டும் வாரத்துக்கு வாரம் ஒரு நூல் மேலே. ஏழு மாதங்கள். இடறாமல் மாடிப்படி ஏறும் ஆளைப் போல.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னது நினைவு வந்தது. நினைவு வந்தது என்பது தவறு. அது போனதே இல்லை. மூன்று நாள் காய்ச்சல், வாந்தி. நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டருக்கும் கிட்டத்தட்ட அவன் வயதுதான் இருக்கும்.

"கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு சார். அது கொஞ்சம் கொஞ்சமா நின்னு போயிருக்கு. அது நின்னா உடம்புல உப்பு தங்காது. உடம்பு உப்பு கேட்டுக்கிட்டே இருக்கும். தோல் கறுக்கும், களைப்பா இருக்கும். சாதாரணக் காய்ச்சல் வந்தாலே தாங்காது." டாக்டர் தயங்கினார். "வீட்ல உப்பு அதிகமாச் சேத்தாங்களா?"

"கவனிக்கல டாக்டர்," என்றான் பொன்னரசு.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா தினம் மாத்திரையில ஓட்டியிருக்கலாம். பரவால்ல, இது யாருக்கும் லேசில தெரியாது."

பொன்னரசுக்குத் தெரிந்திருந்தது. ஆலையில் அவனுக்கு அடுத்துதான் எல்லோருக்கும் நாக்கு என்பார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு உப்பு ஏறினாலும் கண்டுபிடித்துவிடுவான். முதல் நாளே தெரிந்தது.

ஆனால் வீட்டில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. கல்யாணமான முதல் வாரம் அவள் குழம்பு ஊற்றிவிட்டு, எப்படி இருக்கு என்று கேட்டாள். அவன் பழக்கதோசத்தில், உப்பு மூன்றரை, பின்சுவை கொஞ்சம் நீளம் என்றான். அவள் கரண்டியை ஓங்கிக்கொண்டு சிரித்தாள். "எட்டு மணி நேரம் அங்க மார்க்கு போட்டுட்டு வாரோம். வீட்டுக்குள்ள மார்க்கு போட்டா சோறு கெடையாது. உப்பு, புளி, காரம் மூணையும் இந்த வாசப்படிக்குள்ள யாரும் பேசக்கூடாது. சரியா?"

சரி என்றான். சரி என்றதைக் காப்பாற்றினான். நாக்கால் பிழைக்கிற இரண்டு பேர் ஒரு வீட்டுக்குள் நிம்மதியாக இருக்க வேறு வழியும் இல்லை. மூன்று வருடமும் தட்டில் வந்ததைத் தின்றார்கள். ஊர்க்கதை பேசினார்கள். அவனுக்கு அதைவிட நல்ல காலம் வாய்த்ததில்லை.

குழம்பில் உப்பு ஏறியபோது அவன் தயிரைக் கூட ஊற்றிக்கொண்டான்.

குளிர் அறைக்குப் பக்கத்தில் பழைய பதிவுகளைக் கேட்கும் சின்ன அறை ஒன்று உண்டு. ஒவ்வொரு அமர்வும் முடிந்த பிறகு உட்கார்ந்தவர் வாயால் ஒரு குறிப்பு சொல்ல வேண்டும். உடம்பு எப்படி, என்ன சாப்பிட்டு வந்தீர்கள், வேறு ஏதாவது. அரை நிமிடம். அந்தக் குறிப்புகளில் அவள் குரல் இருக்கிறது என்று அவனுக்கு இத்தனை நாளும் தெரியும். அதனால்தான் அந்தப் பக்கமே போகவில்லை.

காதில் மாட்டிக்கொண்டு அறுபத்தேழைத் திறந்தான்.

"இன்னிக்கு எல்லாம் சப்புன்னு இருக்கு. சளி புடிக்கப் போகுது போல." பின்னால் யாரோ கதவைச் சாத்தும் சத்தம்.

எழுபத்தொன்று. "ஆவுடையக்கா கரிக்குங்காக. எனக்குப் போதல. அக்காவுக்கு வயசாயிட்டு, எழுதிக்கிடுங்க." சிரிப்பு.

எழுபத்துநாலு. இதில் சிரிப்பு இல்லை. "எனக்கு என் நாக்கு மேலயே கொஞ்சம் சந்தேகமா இருக்கு. வாரத்துக்கு வாரம் கூடக் கேக்கேன். நாளக்கி வீட்டுல ஒரு சோதனை பண்ணிட்டு அடுத்த புதன் சொல்லுதேன்."

அவன் எழுபத்தைந்தைத் திறந்தான்.

"பாத்துட்டேன். இங்க நான் எந்த உப்பைக் கேக்கேனோ அதையே அளந்து வீட்டுக் கொழம்புல போட்டேன். அவுகட்ட சொல்லல. அவுக நாக்கு இந்த ஆலையிலயே பெரிய நாக்கு. கூடியிருந்தா, வாயத் தொறக்காட்டாலும் மூஞ்சியிலயாவது தெரிஞ்சிரும்லா? ஒண்ணும் தெரியல. ரெண்டாந்தடவ வேற வாங்கிச் சாப்பிட்டாக. அப்ப என் நாக்கு சரியாத்தான் இருக்கு. இதையே போட்டுக்கிடுங்க."

பொன்னரசு காதில் இருந்ததைக் கழற்றவில்லை.

அந்த இரவுச் சாப்பாடு அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் சாப்பிடாமல் எதிரில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. வெயிலில் அலைகிறாள் என்று நினைத்தான். களைத்துப்போய்ச் சமைத்திருக்கிறாளே, பாவம் என்று நினைத்தான். முகத்தில் எதுவும் காட்டாமல் இருக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். அவளைச் சந்தோசப்படுத்தத்தான் இன்னொரு கரண்டி கேட்டான்.

எண்பத்திரண்டு. "நேத்தும் பாத்தேன். இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். ஒண்ணும் சொல்லல."

எண்பத்தொன்பது. "சாப்பிட்டாக."

தொண்ணூற்றாறு. "முட்டு வலிக்கு. மத்தபடி ஒண்ணும் இல்ல. அடுத்த புதன் பாப்போம்."

தரப் பிரிவின் தலைவர் ரெஜினா தூத்துக்குடிக்காரர். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. செண்பகவல்லியின் காரியத்துக்கு வந்து கடைசிவரை நின்றவர். அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மே மாசத்துக்கு அப்புறம் வந்த சரக்கு எல்லாத்தையும் இன்னிக்கே நிறுத்திட்டேன். உப்பு கூடிப்போச்சுன்னு பள்ளிக்கூடங்களுக்கும் கடிதம் போயிரும். அதுல பேச்சில்ல. இப்போ காரணம். கருவிப் பழுதுன்னு எழுதுங்க பொன்னரசு."

"பழுது இல்ல மேடம்."

"எனக்குத் தெரியும். நான் சொல்றதக் கேளுங்க. நோயாளின்னு எழுதினா விதி என்ன சொல்லுது? அவங்க பதிவு மொத்தமும் போயிரணும். நோய் எந்த அமர்வுல ஆரம்பிச்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுல்ல. தொண்ணூத்தாறும் அழிஞ்சிரும். பழுதுன்னு எழுதுனா கடைசி முப்பதை மட்டும் எடுத்துருவோம். அறுபத்தாறு இருக்கும். நல்ல நாக்கு. போன வருசம் பூரா நாடே அதுலதான சாப்பிட்டுச்சு. அவங்க இருப்பாங்க."

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு," என்றார் ரெஜினா. "இந்த ஆலை எப்ப வழுக்கி விழும்னு காத்திருக்கவங்க இருக்காங்க. 'செத்துப்போன நோயாளியோட நாக்கு பிள்ளைகளுக்கு உப்பு ஊட்டுது'ன்னு போடுவாங்க. அவங்க பேரோட போடுவாங்க. படத்தோட போடுவாங்க. காடு பூரா பயறு நிக்குது. ஜனவரியில அறுப்பு. யோசிங்க."

"யோசிச்சேன் மேடம்."

"அப்புறம்?"

"இப்போ அமர்வுக்கு வர்றவங்கள்ல யாருக்காவது நாக்கு சாஞ்சா நாம என்ன பண்றோம்?"

"சராசரி எடுத்து நேர் பண்றோம்."

"ஏன் சாஞ்சதுன்னு பாக்குறதில்ல."

"அது நம்ம வேலை இல்லையே. நாம டாக்டரா?"

"ஆவுடை அக்காவுக்கு ரெண்டு மாசமா இனிப்பு சாயுது. வாரத்துக்கு வாரம் கூடக் கேக்குறாங்க. நானே நேர் பண்ணி நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்." அவன் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "கருவிப் பழுதுன்னு எழுதினா கருவியத்தான் பாப்பாங்க. ஆளுன்னு எழுதினா ஆளைப் பாப்பாங்க. ரத்தம் எடுப்பாங்க. என்னன்னு கேப்பாங்க."

ரெஜினா கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"திரும்பக் கெடைக்காது பொன்னரசு. நகல் எதுவும் வச்சுக்க முடியாது."

"தெரியும்."

"குரலும் போயிரும். குறிப்பெல்லாம் பதிவோட சேந்தது."

இதை அவன் யோசித்திருக்கவில்லை. ஆனாலும் படிவத்தை இழுத்துக் காரணம் என்ற கட்டத்தில் எழுதினான். அவன் கையெழுத்து எப்போதும் போலத் தெளிவாக இருந்தது.

'சுவை பார்த்தவர் நோயுற்றிருந்தார். அவர் தம் நாக்கை ஐயுற்று, தம் கணவரைக் கொண்டு சரிபார்த்தார். கணவர் உண்மையைக் காட்டவில்லை. பின்னர் உடன் பணிபுரிந்தோரும் எழுதவில்லை. பரிந்துரை: எவர் நாக்கு சாய்ந்தாலும் கணக்கைத் திருத்துமுன் அவரை மருத்துவரிடம் அனுப்புக.'

ரெஜினா படித்தார். "ரெண்டாவது வரியும் மூணாவது வரியும் தேவையா?"

"அதுதான் மேடம் காரணம்."

அந்த வாரமே ஆவுடையம்மாளுக்கு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது. அவள் ஆலை வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டாள். "பாவி, என் காபியில மண்ணள்ளிப் போட்டுட்டியே," என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அவன் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

நாக்கு ஏழை அடுத்த புதன்கிழமை நாலு மணிக்கு நிறுத்துவதாக முடிவானது.

புதன் காலையில் பொன்னரசு சமைத்தான். அவள் போன பிறகு அந்த அடுப்பு எரிந்ததே இல்லை. புளியைக் கரைத்தான். சின்ன வெங்காயத்தை உரித்து வதக்கினான். போன வருடத்துப் பயறுமீன் ஒரு பொட்டலம் குளிர்பெட்டியின் அடியில் அப்படியே கிடந்தது. அதைப் போட்டான். உப்பை மட்டும் தராசில் நிறுத்துப் போட்டான். எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். அவள் நன்றாக இருந்த காலத்து உப்பு. அப்புறம் எல்லாவற்றையும் டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு போனான். கீழ்த்தட்டில் சோறு, மேல்தட்டில் குழம்பு.

மூன்றரை மணிக்குக் குளிர் அறைக்குள் நுழைந்தான். கண்ணாடிக்கு வெளியே ஆறு பெண்களும் நின்றிருந்தார்கள். யாரும் தலையில் பூ வைத்திருக்கவில்லை. அன்று யாருக்கும் அமர்வு கிடையாது.

அவன் குழம்பில் ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் விட்டான். கருவி யோசித்தது. இரண்டு நொடி.

உப்பு குறைவு.

சட்டைப்பையில் இருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தான். ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி இன்னொரு சொட்டு விட்டான்.

உப்பு குறைவு.

இன்னொரு சிட்டிகை. குறைவு. இன்னும் ஒன்று. குறைவு. கேட்டதையெல்லாம் போட்டான். அவசரப்படவில்லை. ஆறாவது சிட்டிகைக்குக் கருவி கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டது.

சரி.

பொன்னரசு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தான். தயிர் கொண்டுவரவில்லை. முதல் கவளத்தை வாயில் வைத்தபோது ஏழு மாதங்களின் சாப்பாடும் ஒன்றாக வந்து நாக்கில் உட்கார்ந்தது. மென்று விழுங்கினான். கண்ணாடிக்கு அந்தப்புறம் ஆவுடையம்மாள் முந்தானையை வாயில் பொத்தியிருந்தாள்.

அந்தக் கருவிக்குக் காது கிடையாது. அதைச் செய்தவர்கள் நாக்கை மட்டும்தான் வைத்தார்கள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இருந்தாலும் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு, நிமிர்ந்து அதைப் பார்த்துச் சொன்னான்.

"உப்பு கூடிப்போச்சு, செண்பகம்."